மூக்கில் பாரம்

சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டி அசையவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஏறும் மேடு அது. கிராவல் கொட்டி, மிதிபட்டு, முந்தின நாள் தூறலில் நனைந்து, அரைகுறையாகக் காய்ந்து கிடந்தது. டயரின் பற்கள் அதை மாவு மாதிரி அரைத்து என் சுடிதார் மேல் துப்பின. ரப்பர் சூடேறும் வாசனை. மோட்டார் மெலிதாக, விடாமல் அழுதது. "பல்லுவலி வந்த கொசு மாதிரி கத்துதுடி" என்றாள் அம்மா.

மேட்டின் உச்சியில், கொட்டகை வாசலில் நின்றவர் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இருவத்திமூணு! இருவத்திமூணு யாரு? வண்டிய ஏத்துங்க. இல்லன்னா அடுத்த நம்பர விட்ருவேன், அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இருபத்திமூன்று நாங்கள்தான். வடகிழக்கே வானம், ஈயம் பூசிய அண்டாவின் உட்பக்கம்போல் இருந்தது. படுதாவுக்கு அடியில் முப்பது மூட்டை நெல். குத்தகைக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்துவைத்தது போக, எங்கள் வீட்டின் ஒரு வருஷத்துச் சம்பா மொத்தமும் அந்த வண்டியில் இருந்தது. நம்பர் போனால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள். மழை அதுவரைக்கும் காத்திருக்கப் போவதில்லை. நனைந்த நெல் இரண்டே நாளில் மூட்டைக்குள் முளை விடும். முளை விட்டதை யாரும் வாங்க மாட்டார்கள்.

அப்பா பக்கத்தில் நின்றார். இடது கை அடிவயிற்றில், தழும்பு இருக்கும் இடத்தில், வேட்டிக்கு மேலாக இருந்தது. வலிக்கிறது என்று அர்த்தமில்லை. எதையாவது தள்ளச் சொல்லி உடம்பு துடிக்கும்போது அந்தக் கையை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார், பூட்டுப் போடுகிற மாதிரி.

டிராக்டர் இல்லாதவரின் டிரெய்லர்

இந்தத் தொடரில் போன வாரம், கும்பகோணத்தில் பேட்டரி ஆட்டோ பழுதுபார்க்கும் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்ததோடு நிறுத்தியிருந்தேன். "மின்னியல் படித்துவிட்டு அங்கே போனீர்களே, உருப்படியாக ஏதாவது செய்தீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

செய்தேன் சார். மேட்டில் ஏறாமல் சுற்றிக்கொண்டிருந்ததே, அதைத்தான் செய்தேன்.

அது என்னவென்று சொல்வதற்கு முன்னால் அப்பாவின் டிரெய்லரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் குத்தாலத்துக்குப் பக்கம். அப்பா பெயர் கலியபெருமாள். முப்பது வருஷம் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். பிறகு ஒரு ஏக்கர் சொந்தமாக வாங்கி, இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார். டிராக்டர் வாங்க வழியில்லை. ஆனால் ஒரு நாள் பழைய டிரெய்லர் ஒன்று வாசலில் நின்றது. இரண்டு சக்கரம், சின்ன அளவு, ஒரு பக்கக் கதவு இல்லாதது.

தெரு முழுக்கச் சிரித்தது. "கலியபெருமாளு மாடு வாங்காம கயிறு வாங்கிட்டு வந்திருக்காரு."

அவர் கணக்கு வேறு. அறுவடைக் காலத்தில் வாடகை டிராக்டர் ஒரு மணி நேரம்கூட நம்மோடு நிற்காது. சொந்த டிரெய்லர் இருந்தால் டிராக்டர்காரர் கொள்முதல் நிலைய வரிசையில் கொண்டுவந்து கழற்றிவிட்டுப் போய்விடலாம். நெல் நம்முடைய வண்டியில், நம்முடைய படுதாவின் கீழ், நம் கண் முன்னால் நிற்கும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அந்தப் பாதையில் ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல். டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டால் டிராக்டர் முன்னால் வந்து மாட்டுவதற்கு இடமே கிடையாது. வரிசை நகர்ந்தால் ஆள்தான் தள்ள வேண்டும். மூக்கை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, பின்னால் ஆறு பேர், எட்டுப் பேர்.

மூக்கு என்று நாங்கள் சொல்வது டிரெய்லரின் முன்பக்கம் முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பை. டிராக்டரில் மாட்டும் இடம். கழற்றிவிட்டால் ஒரு ஒற்றைக்கால் ஸ்டாண்டின் மேல் அது உட்கார்ந்திருக்கும்.

மூன்று ஹாரன்

தள்ளிக் கொடுப்பதற்கு எங்கள் பக்கம் கூலி கிடையாது. கேட்டாலே அசிங்கம். உன் வண்டிக்கு நான் வந்தேன், என் வண்டிக்கு நீ வா. அவ்வளவுதான் சட்டம்.

ஒரு வீட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் ஒருவழிப் பாதையாக இருந்தது. பெரிய வீட்டு வைத்திலிங்கம். எல்லோருக்கும் 'வைத்தி அய்யா'. அவர் டிராக்டர் சேற்றில் மாட்டிக்கொண்டாலோ, டிரெய்லரைக் கையால் திருப்ப வேண்டியிருந்தாலோ, எங்கள் தெருவைப் பார்த்து மூன்று முறை நீளமாக ஹாரன் அடிப்பார்கள். உடனே எங்கள் தெரு ஆண்கள் எழுந்து போவார்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு மத்தியானம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருவாட்டுக் குழம்பு. மூன்றாவது ஹாரன் முடிவதற்குள் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டார். பாதிச் சோற்றில் தண்ணீர் மிதந்தது. அம்மா தட்டைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோபத்தை என் தலைமுடியில் காட்டி, இழுத்து இழுத்துப் பின்னினாள்.

வைத்தி அய்யா கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். தீபாவளிக்கு எங்கள் தெருவுக்குப் பலகாரம் அனுப்புவார். எனக்கு என்ன மார்க் என்று கேட்பார். ஹாரன் அடித்தால் ஆள் வரும் என்பது அவருக்கு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதைப் போல. குழாயைப் பார்த்து யாராவது நன்றி சொல்வார்களா?

நான் அவரை 'அய்யா' என்று கூப்பிட்டதில்லை. 'மாமா' என்று கூப்பிடும் உரிமையும் எங்களுக்கு இருந்ததில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் 'சார்' என்ற சொல் கிடைத்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அப்பாவுக்குக் குடலிறக்கம் வந்து அறுவைசிகிச்சை ஆனது. எந்த வண்டியைத் தள்ளியதால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இனிமே எதையும் தூக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. மறுபடி பிரிஞ்சா கஷ்டம்."

அன்றிலிருந்து அப்பா யார் வண்டிக்கும் போவதில்லை. தன் வண்டிக்கு யாரையும் கூப்பிடுவதும் இல்லை.

"ஏன்ப்பா, நம்ம தெருக்காரங்க வர மாட்டாங்களா?"

"வருவாங்க. கூப்புட்டா வருவாங்க. திரும்ப அவங்க கூப்புட்டா நான் எங்க போறது?"

முதல் வருஷம் அம்மாவும் நானும் என் பெரியப்பா மகன்களும் தள்ளினோம். இரண்டாம் வருஷம் அவர்கள் திருப்பூர் போய்விட்டார்கள். அந்த வருஷம் அப்பா யாருக்கும் தெரியாமல் தோளைக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் நிமிர முடியவில்லை. அம்மா பேசவே இல்லை அவரிடம்.

அந்த வெள்ளைக்காரரின் புல்தரை

அந்த ஒரு வாரத்தில்தான் போனில் அந்த வீடியோ என் கண்ணில் பட்டது. எந்த நாடோ தெரியாது. அரைக்கால் சட்டை போட்ட ஒரு மனிதர். வீடு மாதிரி ஒரு வண்டியை, மூக்கில் ஒரு சின்ன மோட்டார் சக்கரம் பொருத்தி, தன்னந்தனியாகப் புல்தரையில் ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறார். ஒரு கையில் காபி வேறு. ஜாக்கி வீல் என்று போட்டிருந்தது. நம் டிரெய்லரின் ஒற்றைக்கால் ஸ்டாண்டு இருக்கும் இடத்தில் ஒரு சக்கரம். அந்தச் சக்கரமே இழுக்கும். அவ்வளவுதான் விஷயம்.

பதினோரு தடவை பார்த்தேன். எனக்கு அப்படித்தான். பிடித்துவிட்டால் சோறு இறங்காது.

பட்டறையில், விபத்தில் நொறுங்கிய பேட்டரி ஆட்டோவின் மோட்டார் ஒன்று கிடந்தது. முதலாளி, "எடுத்துக்கம்மா, எடையில போடுறதுக்கு நீயே வச்சுக்க" என்றார். கியர்பெட்டி பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. எந்த இயந்திரத்தினுடையது என்று கடைக்காரருக்கே தெரியாது. என்னைக் கேட்டார். களிமண்ணில் ஒற்றைச் சக்கரம் புதையும் என்று இரண்டு பவர் டில்லர் டயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். அதனால் டிரெய்லர் இல்லாதபோதும் அது தானாக நிற்கும், கைவண்டி மாதிரி நடக்கும். நீளமான கைப்பிடி. அதன் முனையில் ஸ்கூட்டர் ஆக்சிலரேட்டர்.

வெல்டிங் தாராசுரத்தில். வெல்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா இது? சாமி தூக்குற வண்டியா?"

"நெல்லு வண்டி இழுக்குறதுண்ணே."

"இந்த ஊருக் கோயில்ல கல்லுல சக்கரம் செஞ்சு வச்சிருக்கான், பாத்திருக்கியா? அதுவும் ஜோராத்தான் இருக்கும். நகராது. இதாவது நகருதா பாரு."

நகர்ந்தது. எங்கள் தெருச் சிமென்ட் சாலையில், காலி டிரெய்லரை அம்மா ஒரு கையால் ஓட்டினாள். இன்னொரு கையில் விளக்குமாறு. வழியில் கிடந்த சாணியைக் கூட்டிக்கொண்டே போனாள். மூக்குச் சக்கரம் என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

தை பிறந்து, அறுத்து, மூட்டை பிடித்து, வாடகை டிராக்டர் எங்களை வரிசையில் விட்டுப் போனது. முதல் இரண்டு நாளும் தார்ச்சாலையில் வண்டி நகர வேண்டிய ஒவ்வொரு முறையும் அப்பா கைப்பிடியைப் பிடித்து, ஆக்சிலரேட்டரைத் திருகி, அலட்டிக்கொள்ளாமல் நடந்தார். முன்னாலும் பின்னாலும் எட்டுப் பேர் மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி மட்டும் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி போயிற்று.

"செல்வி, எனக்கு ஒண்ணு செஞ்சு குடு" என்று நாலு பேர் கேட்டார்கள். இரண்டு நாள் என் கால் தரையில் இல்லை.

மூன்றாம் நாள் மேடு வந்தது.

தூக்குகிறவனுக்காக ஏற்றிய பாரம்

மோட்டாரை நிறுத்தினேன். அம்மா ஓடிப்போய் டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்தாள். அவள் பிறந்த ஊர் திருவாரூர். அவ்வளவு பெரிய தேரையே கட்டை போட்டு நிறுத்துகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். அந்த விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டாள்.

சார்ஜ் இருக்கிறது. சங்கிலி சரியாக இருக்கிறது. பிறகு ஏன்? கைப்பிடியைப் பிடித்துச் சும்மா மேலே நெம்பிப் பார்த்தேன். முப்பது மூட்டை ஏற்றிய வண்டியின் மூக்கு, என் கைக்கு, கொஞ்சம் எழும்பிக் கொடுத்தது.

"அப்பா! லோடு ஏத்தறப்ப நீங்க நின்னீங்களா?"

"நின்னேனாவா? ஒவ்வொரு மூட்டையும் நான் காட்டுன எடத்துலதான் போட்டானுங்க. ஏன்?"

"பூராம் பின்னாடி ஏத்திருக்கு."

"பின்னாடிதானம்மா ஏத்தணும்." அவர் குரலில் லேசான வியப்பு, சோற்றைக் கையால்தானே சாப்பிட வேண்டும் என்கிற மாதிரி. "மூக்குல கனத்த விட்டா தூக்குறவன் கதி என்னாவுறது? கழட்டி மாட்டுறப்ப ரெண்டு ஆளு கைக்கு அடங்கணும். நான் எப்பவும் அப்படித்தான் ஏத்துறது."

எனக்குப் புரிந்துவிட்டது.

என் சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடிக்க வேண்டுமென்றால் அதன் தலையில் கனம் இருக்க வேண்டும். எருமை முதுகில் ஆள் ஏறியதும் குளம்பு சேற்றில் ஊன்றுமே, அப்படி. சமதளத்தில் இருக்கிற கனம் போதுமாயிருந்தது. மேட்டில் மூக்கு உயர்ந்ததும் இருந்த கொஞ்சநஞ்சக் கனமும் பின்னால் சாய்ந்துவிட்டது. சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டு இருந்ததே தவிர, பிடிக்கவில்லை.

கல்லூரியில் இதற்குப் படம் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷம் மூக்கைத் தூக்கியவர், தூக்கப்போகிற யாரோ ஒருவனுடைய தோளை நினைத்துக்கொண்டு மூட்டையை அடுக்குவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"நாலு மூட்டைய முன்னாடி மாத்திட்டாப் போதும்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அப்பா உடனே படுதாக் கயிற்றில் கை வைத்தார்.

"தொட்டீங்கன்னா பாருங்க!" அம்மா வந்து கயிற்றைப் பிடுங்கினாள். "மூட்டைய தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா? மேல பாருங்க."

பார்த்தோம். முதல் துளி என் நெற்றியில் விழுந்தது. படுதாவைத் திறந்தால் அவ்வளவுதான்.

"இருவத்திமூணு! கடைசியா கேக்குறேன்!"

உக்காந்தா போதும்

நான் ஏறி மூக்கின் மேல் உட்கார்ந்தேன். அப்பா ஆக்சிலரேட்டரைத் திருகினார். சக்கரம் கவ்வியது. ஒரு முழம் ஏறியது. மறுபடி மண்ணை அரைத்தது. ஹாஸ்டல் சாப்பாட்டில் வளர்ந்த உடம்பு. ஐம்பது கிலோ தேறாது.

"இன்னும் கனம் வேணும்ப்பா."

எங்களுக்கு அடுத்த வண்டி வைத்தி அய்யாவினுடையது. குடையை விரித்துக்கொண்டு, முழங்காலைத் தாங்கித் தாங்கி, முன்னால் வந்தார்.

"என்ன கலியபெருமாளு, ஏறலியா? என் டிரைவர் பின்னாடிதான் டிராக்டரோட நிக்கிறான். ஹாரன் அடிக்கச் சொல்லட்டா? உங்க தெரு ஆளுங்க நாலு பேர் வந்துருவாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வண்டியைத் தள்ள, எங்கள் தெரு ஆட்களை, அவருடைய ஹாரன் கூப்பிட வேண்டும். அப்பா வேண்டாமென்று சொன்னால் நெல் போகும். சரியென்று சொன்னால் என்ன போகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா கைப்பிடியை விடவில்லை. வைத்தி அய்யாவைப் பார்த்தார். முகத்தை இல்லை. தலையிலிருந்து கால்வரை, சாக்கை நிறுக்கிறவர் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஹாரனெல்லாம் வேணாங்கய்யா. நீங்க வாங்க."

"நானா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நான் எங்கப்பா தள்றது?"

"தள்ள வேணாம். செல்வி பக்கத்துல உக்காந்தா போதும்."

"உக்காந்தாவா?"

"உக்காந்தா போதுங்கய்யா. உங்க கனம்தான் இப்ப வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். "சார், ப்ளீஸ்" என்றேன். குடையை மடக்கினார். இரும்பில் ஒரு கையை ஊன்றி, "முருகா" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார். மூக்கு இறங்கியது. கோடாலித் தைல வாசனை என்னைச் சூழ்ந்தது.

"நீயும் ஏறு" என்றார் அப்பா அம்மாவிடம்.

அம்மா நகரவில்லை. மிச்சமிருந்த இடம் வைத்தி அய்யாவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழம். அவருக்குச் சமமாக, தோளோடு தோள் உரச அவள் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. பேருந்தில்கூட அவர் ஏறினால் எழுந்து நின்றுகொள்வாள்.

"நான் எதுக்குடி அங்க? நான் கட்டை போடுறேன்."

"அம்மா, மழை!"

வைத்தி அய்யா கொஞ்சம் நகர்ந்தார். உண்மையில் நகர இடமில்லை. நகர்கிற மாதிரி அசைந்தார். "வா சரோஜா, உக்காரு. இந்த வயசுல எனக்கு மட்டும் இதெல்லாம் பழக்கமா?"

அம்மா கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, இரும்பின் விளிம்பில், பாதி உடம்பு காற்றில் இருக்க உட்கார்ந்தாள்.

"முழுசா உக்காரு" என்றார் அப்பா. "நெல்லு நம்மளுது."

முழுசாக உட்கார்ந்தாள்.

அப்பா அடிவயிற்றிலிருந்த கையையும் எடுத்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தார். மோட்டார் அழவில்லை. அடித்தொண்டையில் உறுமியது. டயர்ப் பல் ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றி எடுப்பது என் உடம்புக்குத் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும், கோயில் வாசலில் வரிசையாக வைத்த சட்டிப்பானை மாதிரி, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு மேலே போனோம். அப்பா ஒருவர் மட்டும் தரையில், எங்களைப் பார்த்தபடி, பின்னால் பின்னால் அடியெடுத்து வைத்து மேடேறினார்.

"கலியபெருமாளு, தள்ளி விட்ராதப்பா!"

"கெட்டியா புடிச்சுக்குங்கய்யா. ஆடக் கூடாது. ஆடுனா கனம் மாறும்."

வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். "அய்யா, டிக்கெட் எடுத்தீங்களா?" என்று ஒரு குரல். வைத்தி அய்யாவே சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவள் கண் படுதா மேலேயே இருந்தது, ஒரு மூலை காற்றில் தூக்குவதையே பார்த்துக்கொண்டு.

கொட்டகைக்குள் மூக்கு நுழைந்தது. முழு வண்டியும் நுழைந்தது. சீட்டு வைத்திருந்தவர், "இத்தன நேரமா?" என்றார். அவர் ஈரமானியை மூட்டையில் குத்தும்போது தகரக் கூரையில் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. அப்பா அந்த உதட்டையே பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எடுத்துக்கொண்டார்கள்.

அம்மா அப்போதுதான் கட்டையைக் கீழே வைத்தாள்.

அடுத்த வண்டி

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதைப் பெருமையாக மட்டும் எழுதியிருப்பேன்.

மழை கொஞ்சம் தணிந்ததும் வைத்தி அய்யா தயங்கித் தயங்கி வந்தார். "ஏன் பாப்பா, அது நம்ம வண்டிக்கும் மாட்டுமா? மழையில எவனும் வர மாட்டேங்கிறான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே மூக்குச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மேட்டில் இறக்கிக்கொண்டுபோய், ஜாக்கியால் மூக்கை உயர்த்தி மாட்டினோம். பெரிய டிரெய்லர் இல்லை, எங்களுடையதைவிடப் பத்து மூட்டை கூட இருக்கும். அதன் ஸ்டாண்டு மண்ணில் ஒரு சாண் புதைந்திருந்தது. மூக்கில் அவ்வளவு கனம். ஏற்றியவர்கள் லாரி லோடு ஆட்கள். சீக்கிரம் முடிந்தால் சரி என்று முன்னால் ஆரம்பித்து அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தூக்குகிறவனைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் அந்த வண்டிக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

"உக்காரணுமா?" என்று கேட்டு, வைத்தி அய்யா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பாக்கலாம்" என்றார் அப்பா. திருகினார்.

சறுக்கவில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நனைந்து சொதசொதத்த அதே மேட்டில், எங்கள் வண்டி நின்று அரைத்த அதே குழிகளின் மேல், யாரும் உட்காராமல், யாரும் தொடாமல், அது ஏறிப் போயிற்று. அப்பா பக்கத்தில் நடந்துபோனார். அவ்வளவுதான் அவர் செய்தது.

"பாத்தியா! நம்ம வண்டிக்கு ஆளே வேணாம் போலருக்கே!" வைத்தி அய்யா குழந்தை மாதிரி கை தட்டினார்.

"உங்க வண்டிக்கு..." என்று அம்மா ஆரம்பித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, விரலைச் சுட்டுக்கொண்டு, என் அப்பாவுக்காகச் செய்த பொருள். அவருக்காகச் செய்யப்பட்டோம் என்று அதற்குத் தெரியவில்லை. தன் வாழ்நாளில் மூக்கைத் தொட்டே பார்க்காத ஒருவருடைய பாரத்தை அது உடனே அடையாளம் கண்டுகொண்டது. அந்த அரைக்கால் சட்டை மனிதருடைய புல்தரையில் பிறந்த யோசனை அல்லவா. தூக்குவதற்கு ஆள் இருக்கும் ஊரை அது பார்த்ததே இல்லை.

சக்கரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அளந்தது நான். காலி வண்டியை வைத்து அளந்தேன். ஏற்றுகிறவரின் கையை அளக்க விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது

காலி டிரெய்லர் துள்ளிக்கொண்டு வந்தது. அம்மா வைத்தி அய்யாவின் குடையைப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். வாய்க்காலில் கலங்கல் தண்ணீர். அறுத்த வயல்களில் வைக்கோல் நனைந்த வாசனை. வயலில் இன்னும் நெல் நிற்பவர்கள் வரப்பில் நின்று தண்ணீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நம்முடையது போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை முகத்தில் காட்டக் கூடாது என்பார்.

சிமென்ட் சாலை ஆரம்பிக்கும் இடத்தில்தான் கேட்டார்.

"அடுத்த தடவ மூக்குல எத்தன மூட்ட வைக்கணும்?"

"நாலு, அஞ்சு வச்சாப் போதும்ப்பா."

நின்றேவிட்டார். வண்டியும் நின்றது.

"அஞ்சா! ஏம்மா, அஞ்சு மூட்டைய மூக்குல வச்சா தூக்குறவன் செத்தான்."

"தூக்க வேணாமேப்பா. இனிமே அத யாரும் தூக்கப் போறதில்லையே."

அவர் என்னைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். ஆக்சிலரேட்டரில் வலது கை சும்மா இருந்தது. இடது தோளை ஒருமுறை மேலே ஏற்றி இறக்கினார்.

"ஆமால்ல" என்றார்.

வண்டியை எடுத்தோம். வீட்டு முனை திரும்பும்போது இன்னொரு தடவை, எனக்குச் சொல்லாமல், மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

"ஆமால்ல."